கடைசி வரிக்குக் கீழே

1

இந்தக் கதை ஒரு சொற்பட்டியலின் நடுவில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களே கண்டுபிடித்து என்னைக் குற்றம் சொல்லக்கூடாது. குற்றம் சொல்ல இதில் வேறு நிறைய இருக்கிறது.

நான் உடுவிலில் இருக்கிறேன். ஆங்கிலத்தில் உள்ள அறிவியல் பாடங்களைத் தமிழாக்குவது என் தொழில். இடையிடையே கதையும் எழுதுவேன். சிற்றிதழ்களில் பன்னிரண்டு வந்திருக்கின்றன. அவற்றை வாசித்தவர்களின் தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். போன வருடம் ஆனி மாதம், நோயாளர் பராமரிப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கான கைந்நூல் ஒன்று என்னிடம் வந்தது. மனித உடலின் அடிப்படைச் சொற்கள். கலம், இழையம், அங்கம், தொகுதி என்று சிறிதிலிருந்து பெரிதுக்குப் போகும். முன், பின், அண்மை, சேய்மை என்று உடலின் திசைகளும் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வரிக்கு மேற்படாமல் விளக்கம் எழுதவேண்டும்.

பதினான்காவது சொல்லில் நிற்கும்போது பக்கத்து வீட்டு இராசாத்தியக்காவின் பரிசோதனைத் தாள் என் மேசைக்கு வந்தது. அதை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுதும் வாசிக்கவில்லை.

இவ்வளவுதான் கதை. இனி வரப்போகிற பக்கமெல்லாம் இதைச் சுற்றி நான் நடக்கிற நடை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் சண்முகநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண் நீட்டிய தாளை வாங்கினார். மாலை வெயில் மதிலில் இறங்கி, அவருடைய நரைத்த—"

இந்தச் சண்முகநாதன் யார் என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. அப்படி ஒருவர் இல்லை. நான் செய்ததைச் செய்வதற்கு எனக்கு ஓர் ஆம்பிளை தேவைப்பட்டார், உண்டாக்கினேன். அவருக்கு நீரிழிவு வருத்தம் கொடுத்தேன். அவருடைய மனைவியைச் சாகவைத்தேன். அவர் அந்தத் தாளை முழுதாக வாசிக்காததற்கு ஒன்றல்ல, நான்கு நல்ல காரணம் கொடுத்தேன். நாலாம் பக்கம் வரும்போது மனுசன் அவ்வளவு நல்லவராகிவிட்டார், எனக்கே அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. நீங்களும் "பாவம், வேறென்ன செய்வார்" என்று சொல்லியிருப்பீர்கள். அதைக் கேட்பதற்காகத்தான் எழுதினேன் என்று அப்போதுதான் விளங்கியது.

கிழித்துப்போட்டேன். போய்வாருங்கள் மாஸ்ரர். செய்தது நான். என் பெயர் உதயகலா.

3

இரண்டாவது தொடக்கம் ஓர் அளவுநாடாவில் தொடங்கியது. அது உண்மை என்பதால் வைத்துக்கொள்கிறேன்.

இராசாத்தியக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே நெஞ்சளவு மதில் ஒன்றுதான். இந்தப் பக்கத்துக் கலியாணப் பொம்பிளைகளின் சாறிச் சட்டையில் பாதி அவர் தைத்ததாக இருக்கும். தெருவில் ஒருத்தி வருவதைக் கண்டாலே அவளுடைய அளவைச் சொல்லிவிடுவார். தன் மகள் தர்சிகாவின் கலியாணத்துக்குத் தனக்கு ஒரு சட்டை வெட்டவென்று தன்னைத்தானே அளந்த அன்று, இடது மார்பில், நாடாவுக்குக் கீழே, விரலில் ஒன்று தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. நோகவில்லை. அளவைக் குறித்து, சட்டையை வெட்டி முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

"முப்பது வருசமா ஊர்ப் பொம்பிளையளை அளந்திருக்கிறன், கலா. என்னை ஒருநாளும் வடிவா அளக்கேல்லை" என்றார்.

நான்தான் அவரைக் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். (நான் நல்லவள் என்று காட்டுவதற்காக இதைச் சொல்கிறேன். கவனமாக வாசியுங்கள்.) அங்கே ஊசியால் துண்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தாள் வந்ததும் கொண்டுவந்து காட்டும்படி ஓர் அட்டையில் திகதி போட்டுக் கொடுத்தார்கள். அந்த அட்டையை அவருடைய கணவர் தேவராசா அண்ணை வாங்கிப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

* இடது மார்பு என்று எழுதினேன். கைந்நூலின் இரண்டாம் பக்கத்திலேயே ஒரு விதி உண்டு: இடது, வலது என்பவை எப்போதும் உடலுக்கு உரியவரின் இடது, வலது. பார்த்துக்கொண்டு நிற்பவரின் இடதல்ல. அந்த விதியைத் தமிழாக்கியபோது நல்ல விதி என்று நினைத்தேன். இந்தக் கதையை நான் மூன்று முறை எழுதிவிட்டேன், மூன்றும் பார்த்துக்கொண்டு நின்றவளின் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கின்றன.

4

ஆடி பிறந்து நாலாம் நாள் காலை தேவராசா அண்ணை வாசல் படலையைத் திறந்துகொண்டு வந்தார். பட்டணத்தில் தாளை எடுத்துக்கொண்டு, தன் வீட்டுக்குப் போகாமல் நேரே என் வீட்டுக்கு வந்திருந்தார்.

"பிள்ளை, உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும். தாள் தந்த பிள்ளை, உடனை டொக்டரிட்டைக் காட்டுங்கோ ஐயா எண்டது. அதின்ரை முகம் சரியில்லை."

ஏழு வரி. ஆறு வரி கண்டவற்றைச் சொன்னது. ஏழாவது வரி முடிவு.

"புற்றுநோய் எண்டு போட்டிருக்கு, அண்ணை" என்றேன். சொல்லும் முன் வேறு சொல் தேடினேன். தமிழில் வேறு சொல் இல்லை.

அவர் கதவடியிலேயே நின்றார். நிமிர்ந்து, முகம் என்னைப் பார்த்து, கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்க, உள்ளங்கைகள் முன்னுக்குத் தெரிய. கைந்நூலில் இதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. உடற்கூற்று நிலை என்று எழுதியிருந்தேன். உடம்பைப் பற்றிப் படிக்கிறவர்கள் எல்லா உடம்பும் அப்படித்தான் நிற்கிறது என்று வைத்துக்கொண்டுதான் மேலே போவார்கள். கையில் ஒன்றும் இல்லாத மனுசனும் அப்படித்தான் நிற்பான் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"கலியாணத்துக்கு அஞ்சு கிழமைதான் கிடக்கு" என்றார். "மாப்பிள்ளை சுவிசிலையிருந்து பிளேன் ரிக்கற் போட்டிட்டார். உதை இப்ப இவளுக்குச் சொன்னால் இவள் படுத்திடுவாள். மாப்பிள்ளை பகுதியின்ரை காதிலை விழுந்தால் எல்லாம் முடிஞ்சுது. தாய்க்கு உந்த வருத்தமெண்டால் பிள்ளைக்கும் வருமெண்டு கதைப்பினம். பிறகு தர்சிகாவை ஆர் எடுப்பினம்?"

"டொக்டரிட்டை..."

"கலியாணம் முடியட்டும், பிள்ளை. அடுத்த நாளே நான் கூட்டிக்கொண்டு போறன். சத்தியமா. அஞ்சு கிழமை பிந்தினால் என்ன நடந்திடும்?"

"எனக்குத் தெரியாது, அண்ணை" என்றேன்.

அது உண்மை. நான் சொற்களைப் பெயர்க்கிறவள், வைத்தியம் தெரியாதவள். எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் இன்றைக்கே கேளுங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். முதற்பாதியைச் சொல்லி நிறுத்திவிட்டேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நானும் அவர் அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்து வை என்பார்கள். நான் ஆயிரம் சொல்லவில்லை. ஒன்றுகூடச் சொல்லவில்லை.

5

அன்று பின்னேரம் இராசாத்தியக்கா வந்தார். அளவுநாடா கழுத்தில் கிடந்தது. தாளைக் கணவரிடம் கேட்டு வாங்கி, நாலாக மடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"இவர் ஒண்டுமில்லை எண்டுறார். இவருக்கு இங்கிலீசு தெரியுமோ? நீ வாசி, கலா. வரிக்கு வரி கீழை தமிழிலை எழுதியும் தா. நான் மறந்துபோவன்."

சேலைத் துணியில் கோடு போடுகிற பென்சிலைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். நான் முதல் வரியின் கீழ் எழுதினேன்: மார்பு இழையத் துண்டுகள் மூன்று.

"இழையமெண்டால்?"

அது என்னுடைய பதினான்காவது சொல். காலையிலிருந்து அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "ஒரே மாதிரியான கலங்கள் ஒரு வேலைக்காகச் சேர்ந்து இருக்கிறது, அக்கா."

"கலமெண்டால்?"

"உடம்பிலை உயிருள்ள ஆகச் சின்னப் பங்கு. கண்ணுக்குத் தெரியாது. நுணுக்குக்காட்டியிலைதான் பாக்கலாம்."

தன் சேலைத் தலைப்பை விரலால் தடவிப் பார்த்தார். "அப்ப கலம் நூல். இழையம் துணி."

"ஓம்."

"அங்கம் சட்டை. கை, கழுத்துப்பட்டி எல்லாம் வைச்சுத் தைச்சது."

"ஓம், அக்கா." காலை முழுதும் நான் எழுதிப்பார்த்து அழித்த விளக்கத்தை அவர் இரண்டு மூச்சில் சொல்லிவிட்டார்.

"ஆரோ வடிவாத்தான் தைச்சிருக்கிறாங்கள்" என்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

எத்தனை வகை இழையம் என்று கேட்டார். நாலு என்றேன். மேலணி இழையம், தொடுப்பிழையம், தசையிழையம், நரம்பிழையம். விரல்விட்டு எண்ணித் தானும் சொல்லிப்பார்த்தார். இரண்டாம் வரி: மிக நீளமானது பதினொரு மில்லிமீற்றர். மூன்றாம் வரி: தொடுப்பிழையமும் கொழுப்பிழையமும் காணப்படுகின்றன. நாலாம் வரி: மேலணிக் கலங்கள் கூட்டங்களாகக் காணப்படுகின்றன.

"மேலணியெண்டால்?"

"உடம்பின்ரை வெளிப்பக்கத்தையும், உள்ளுக்கை இருக்கிற குழாயளின்ரை சுவரையும் மூடியிருக்கிறது."

"லைனிங்."

"ஓம். லைனிங் துணிதான்."

பிறகு: தசையிழையம் காணப்படவில்லை. "அது நல்லதோ?" என்று கேட்டார். "துண்டு எடுத்த இடத்திலை தசை இல்லை, அவ்வளவுதான்" என்றேன். எல்லாம் சரியான விளக்கம். இப்போதும் ஓர் ஆசிரியர் வந்து திருத்தினால் எனக்கு முழுப் புள்ளி போடுவார்.

கடைசி வரியில் பென்சில் நின்றது.

"அது?"

"அது டொக்டருக்கு எழுதினது, அக்கா."

அதுவும் உண்மை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தார். பிறகு திரும்ப நாலாக மடித்தார்.

"அப்ப சரி. உதை ஆறுதலாக் காட்டலாம். முதல் கலியாணம் முடியட்டும்" என்றார்.

அரை மணித்தியாலம் அவருக்கு மனித உடலின் அடிப்படைச் சொற்களைக் கற்பித்தேன். அவ்வளவு ஆசையாகக் கேட்ட ஒருவரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட மனுசி, தன் உடம்புக்கு இவ்வளவு பெயர் இருக்கிறதா என்று சந்தோசமாக மதிலோரமாய் நடந்து போனார்.

6

ஆறாம் பகுதியில் கலியாணம் இருந்தது. எடுத்துவிட்டேன். அழகான பகுதி. மேளம், மாலை, தர்சிகாவின் கூறைச்சேலை, நானூறு பேருக்குச் சாப்பாடு. அதை வைத்திருந்தால் இதற்காகத்தானே எல்லாம் என்று உங்களுக்கு ஓர் ஆறுதல் கிடைத்திருக்கும். அந்த ஆறுதலை நான் உங்களுக்குத் தரமாட்டேன், ஏனென்றால் எனக்கு அது கிடைக்கவில்லை.

ஒரு வரியை மட்டும் விடுகிறேன்: இராசாத்தியக்காவின் சட்டை நன்றாக அமைந்திருந்தது, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது.

7

கலியாணம் முடிந்த மறுநாள் மதிலடியில் தேவராசா அண்ணையைக் கேட்டேன்.

"சொன்னனீங்களோ, அண்ணை?"

"நாலாஞ்சடங்கு முடியட்டும், பிள்ளை."

கலியாணத்தின் நாலாம் நாள் வருகிற அந்தச் சடங்கும் முடிந்தது. "மாப்பிள்ளை பிளேன் ஏறட்டும்." மாப்பிள்ளை பிளேன் ஏறினார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதை இங்கே எழுதவேண்டும். எழுதுகிறேன். புரட்டாதியில் ஒரு காலை, தேவராசா அண்ணை அக்காவை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பட்டணப் பக்கம் போனதைக் கண்டேன். அக்காவின் மடியில் ஒரு பைல் இருந்தது. சொல்லிவிட்டார், டொக்டரிடம் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அவர்கள் போனது தர்சிகாவின் விசாவுக்கு விவாகப் பதிவுப் பத்திரம் எடுக்க என்பது கார்த்திகையில்தான் தெரிந்தது.

அதே கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்து, மகள் இனித் தூரப் போய்விடுவாள் என்று அழுதுவிட்டுப் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் படலையால் வெளியே வந்ததைத் தேவராசா அண்ணை கண்டிருக்கிறார். கலா சொல்லிவிட்டாள் என்று அவர் நினைத்தார். மனுசிக்குத் தெரிந்துவிட்டது, அவளாக வாய்திறக்கிற மட்டும் நான் கிண்டக்கூடாது என்று இருந்தார்.

நானும் கிண்டக்கூடாது என்று இருந்தேன். வருத்தத்தின் பெயரை அவர்களாகச் சொன்னாலொழிய நாங்கள் கேட்கமாட்டோம். அது எங்கள் ஊரின் மரியாதை. சுகமோ என்று கேட்போம், சுகம் என்பார்கள், அதோடு சரி. இப்படி மரியாதையாக மூன்று மாதம் போனது. நாங்கள் இரண்டு பேரும் மதிலின் இரண்டு பக்கமும் நின்று தலையாட்டினோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஒரு வார்த்தை, வேறொன்றும் வேண்டாம்—

(இந்தப் பந்தியை இதற்குமேல் எழுத முடியவில்லை.)

8

கார்த்திகையில் இராசாத்தியக்காவுக்கு முதுகு நோகத் தொடங்கியது. மெஷினில் குனிந்திருந்ததால் என்று அவரே சொன்னார். பிறகு மூச்சு வாங்கியது. தேவராசா அண்ணை ஓட்டோ பிடித்தார். வாசிக்கத் தெரிந்தவள் என்று என்னையும் கூட்டிப்போனார்கள்.

டொக்டர் இளம் பெண். அக்கா தாளை எடுத்துக் கொடுத்தார். ஐந்து மாதமாக அது அவருடைய கைப்பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. டொக்டரின் கண் நேரே கடைசி வரிக்குப் போனது. பிறகு மேலே ஏறி, பென்சில் எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்தது.

"இந்தத் தமிழ் ஆர் எழுதினது?"

"இவதான்" என்று அக்கா என் தோளில் கைவைத்தார். "எங்கடை கலா. புத்தகமெல்லாம் எழுதுறவ."

டொக்டர் என்னைப் பார்த்தார். "நல்ல தமிழ்" என்றார்.

என்னைப் பற்றி அவர் வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் இந்தக் கதையை எழுதியிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். பிறகு, "அம்மா, கொஞ்சம் வெளியிலை இருங்கோ" என்று அக்காவை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நோய் பரவியிருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொன்னார். கவனித்தீர்களா? திரும்பவும் நோயாளி வெளியில், நாங்கள் உள்ளே.

"ஆடியிலையே வந்திருக்கலாம்" என்றார். கடிதம் எழுதினார்.

கதவுக்கு வெளியே வந்ததும் தேவராசா அண்ணை என்னிடம் மெல்லக் கேட்டார். "நீர் சொல்லேல்லையோ, பிள்ளை?"

"நீங்கள் சொன்னனீங்கள் எண்டு..."

அவர் அக்கா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் அக்கா கேட்டார். "கடிதம் தெல்லிப்பழைக்கோ?"

"ஓம், அக்கா."

புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. இந்தக் குடாநாட்டில் அந்த ஊரின் பெயருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. என்ன வருத்தம் என்று அவருக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதது ஒன்றுதான். அது ஆடி மாதமே அந்தத் தாளில் எழுதியிருந்ததா என்பது.

9

முடிவுகள்.

அ. இராசாத்தியக்காவுக்கு ஆடியிலேயே எல்லாம் தெரியும். என் பென்சில் நின்றபோதே அவர் விளங்கிக்கொண்டார். மகளின் கலியாணத்துக்காகத் தானும் பேசாமல் இருந்தார். "முதல் கலியாணம் முடியட்டும்" என்று அவரே சொன்னாரே, ஐந்தாம் பகுதியில் நான் அதை விட்டுவைத்திருக்கிறேன், பாருங்கள். தியாகம் செய்த தாய். வாசகர் கண்கலங்குவார். நான் தப்பிவிடுவேன்.

வேண்டாம். தெரிந்தவர் கைப்பைக்குள் அந்தத் தாளைக் கொண்டுதிரிந்து, இவதான் எழுதினது என்று டொக்டரிடம் பெருமைப்பட்டிருக்கமாட்டார்.

ஆ. நான் அவருடைய கட்டிலடியில் இருந்து அழுது எல்லாவற்றையும் சொல்கிறேன். அவர் என் தலையைத் தடவி, "நீ என்ன செய்வாய், பிள்ளை" என்கிறார். இதைச் சண்முகநாதனுக்கு எழுதிவைத்திருந்தேன். அவர் போனதோடு இதுவும் போகட்டும். சாகக்கிடக்கிறவரிடம் மன்னிப்பு வாங்கப் போகிறவள் அங்கேயும் எதையோ எடுக்கத்தான் போகிறாள்.

இ. ஆடியில் வந்திருந்தாலும் இப்படித்தான் முடிந்திருக்கும். இந்த முடிவை நான் ஒரு கிழமை தேடினேன். கைந்நூலுக்கென்று வாங்கிய தடித்த புத்தகங்களிலெல்லாம் தேடினேன். எந்தப் புத்தகமும் எனக்கு அதை எழுதித் தரவில்லை.

* ஐந்தாம் பகுதியில் ஒன்றை விட்டுவிட்டேன். தாளில் முடிவுக்கு முன் ஆறு வரி என்று சொன்னேன். ஐந்தைத்தான் உங்களுக்குக் காட்டினேன். எண்ணிப் பார்த்தீர்களா? விட்டது இது: அடித்தள மென்சவ்வு பல இடங்களில் அறுந்துள்ளது. அதென்ன என்று அக்கா கேட்டார். லைனிங்குக்கும் துணிக்கும் நடுவிலை மெல்லிய தாள் மாதிரி ஒரு படை என்றேன். "அது கிழிஞ்சால் லைனிங் துணிக்குள்ளை போயிடுமே, கலா. அது பிழையெல்லோ?" என்று கேட்டார். மூன்று சொல் படித்த மனுசி நேரே அந்த இடத்துக்கு வந்து நின்றார். "இல்லை அக்கா, சிலபேருக்கு அப்பிடி இருக்கும்" என்றேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று நாலாம் பகுதியின் முடிவில் எழுதினேனே. அந்த ஒன்றை உங்களுக்கும் வாசிக்காமல் மறைத்தேன். எவ்வளவு சுலபமாக வருகிறது, பாருங்கள்.

10

இப்போது மாசி. இராசாத்தியக்கா வீட்டில்தான் இருக்கிறார். மருத்துவர்கள் தங்களால் முடிந்ததைச் செய்து அனுப்பிவிட்டார்கள். தேவராசா அண்ணை கஞ்சி வைக்கப் பழகிவிட்டார். தலைவாரிப் பின்னிவிடவும் பழகிவிட்டார். கரண்டியை ஊதி ஊதித்தான் வாயில் வைப்பார். சுவிசுக்குப் போய்விட்ட தர்சிகா பின்னேரங்களில் போனில் முகம் காட்டுவாள். அம்மாவுக்கு முதுகு வருத்தம் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். முதற்பிள்ளை வயிற்றில் இருக்கிறதாம். பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இருக்கிறார்கள்.

கைந்நூல் அச்சாகி வந்துவிட்டது. இழையத்துக்கு நூலும் துணியும் உவமை சொல்லி விளக்கியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு அது நன்றாக விளங்குகிறதாம்.

நேற்று நான் போயிருந்தபோது தேவராசா அண்ணை பாண் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அக்கா தலையணைக்குக் கீழே கைவிட்டு, அந்தத் தாளை எடுத்தார். மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுப் போட்டிருந்தார்.

"கலா, நான் கன நாளா உதைப் பாத்துக்கொண்டு கிடக்கிறன். ஆறு வரிக்குக் கீழை உன்ரை எழுத்து இருக்கு. கடைசி வரிக்குக் கீழை மட்டும் ஒண்டுமில்லை."

"ஓம், அக்கா."

"டொக்டருக்கு எழுதினதெண்டனி. டொக்டரும் பாத்திட்டா. இனியென்ன? அதையும் எழுதித் தா."

துணியில் கோடு போடுகிற பென்சிலையும் எடுத்துத் தந்தார். அவருடைய முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். காணவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கேட்டுவிட்டுக் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணாடி கொண்டுவரேல்லை, அக்கா. வீட்டை கொண்டுபோய் எழுதித் தாறன்."

கண்ணாடி என் சட்டைப்பையில் இருந்தது.

11

தாள் என் மேசையில் இருக்கிறது. கடைசி வரிக்குக் கீழே ஒரு சொல் எழுதவேண்டும். ஒரேயொரு சொல். நேற்றுப் பின்னேரம் அதற்கென்று இருந்தேன். இருந்து, அதற்குப் பதிலாக இந்தக் கதையைத் திரும்பவும் எழுதியிருக்கிறேன்.

எழுதினால், ஆடியிலேயே தெரிந்திருந்தும் நானும் அவருடைய புருசனும் சொல்லவில்லை என்று அக்காவுக்குத் தெரியும். இன்றைக்கு மத்தியானமும் அந்தக் கையால்தான் அவர் கஞ்சி குடிக்கவேண்டும். அந்தக் கையால்தான் தலைவாரவேண்டும். இருக்கிற கொஞ்ச நாளில் அவருக்கு வேறு கை இல்லை.

எழுதாவிட்டால், தன் உடம்பைப் பற்றித் தான் கேட்ட கடைசிக் கேள்விக்கு விடை தெரியாமல் அவர் போவார். இடது என்றால் உடலுக்கு உரியவரின் இடது என்று நான் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தாள் அவருடையது. அந்த வரி அவருடையது.

நல்ல தமிழ் எழுதுகிறவள் என்று பெயர் எடுத்திருக்கிறேன். எனக்கு இதை எழுதத் தெரியவில்லை. முடிவு எழுதாமல் நழுவுகிற எழுத்தாளர்களை எனக்குப் பிடிக்காது, இதற்கு முன்னால் நானே அவர்களைக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறேன். இன்றைக்குப் பென்சிலை உங்கள் பக்கம் தள்ளிவைக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துச் சொல்ல உங்களுக்கும் அதிக நேரம் இல்லை, ஏனென்றால் இப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்கிறது. தேவராசா அண்ணை. கையில் கஞ்சிக் கிண்ணம்.

"பிள்ளை, நிக்கிறீரோ?"

"ஓம், அண்ணை."

"அக்கா நீர் வாறீரோ எண்டு வாசலையே பாத்துக்கொண்டு கிடக்கிறாள். ஏதோ தாள் தந்தவளாம். எனக்கு ஒண்டும் சொல்லுறாள் இல்லை" என்று மதிலால் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். நாலு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து இன்றைக்குத்தான் காண்கிறேன். "எழுதி முடிஞ்சால் என்னட்டைத் தாருமன். நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

மதிலுக்கு மேலால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.